மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் செயற்கைக்கோள் படங்களைப் போட்டிருந்தார். கஜா புயலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இப்போது ஒன்று. கீழே "காடு மீண்டுவிட்டது" என்று ஒரு வரி. உடனே ஏகப்பட்ட கைதட்டல்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவனுக்கு, படத்தைப் பார்த்ததும் "இது என்ன பச்சை?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நல்ல இலை, சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சேறும் தண்ணீரும் அப்படிச் செய்யாது. இந்த இரண்டு ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால், எங்கே பயிர்ப்பச்சை அதிகம், எங்கே குறைவு என்று சொல்லிவிடலாம். 1972-இல் அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் தொடங்கி, 1988-இல் நாம் அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ வரை எல்லாம் இந்த அடிப்படையில்தான் காட்டைப் பார்த்தன. இப்போது ஐரோப்பியர்களின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.

அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அந்த இரண்டரை சென்டில் நாலு மரமா, ஒரு புதரா, பாதி சேறா என்று அதற்குத் தனித்தனியாகத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிறமாகக் கொடுத்துவிடும். இன்னொன்று, நமக்கு மழை பெய்கிற ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும். சாதாரணக் கேமரா மேகத்தைத்தான் பார்க்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் அந்த வகை.

இனி நம் காட்டுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததை நம் மாவட்டத்துக்காரர் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தென்னை போனதை எல்லோரும் பேசினோம். அலையாத்தி போனதைப் பேசியவர்கள் குறைவு. இலை உதிர்ந்து, கிளை முறிந்து, காடே பழுப்பாக நின்றது. இங்கே ஒரு சிக்கல். இலையை மட்டும் இழந்த மரமும் செத்த மரமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான். எது துளிர்க்கும், எது துளிர்க்காது என்பதைப் படகில் போய்ப் பட்டையைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும்.

பச்சை திரும்பினால் கேள்வி இன்னும் கூடும். அது அலையாத்தியா, சீமைக்கருவேலமா? கரையோர மேட்டில் கருவேலம் எவ்வளவு வேகமாக ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் பச்சை. ஆனால் ஒன்றின் மூச்சுவேர்களுக்கு இடையில் இறாலும் நண்டும் வளரும். இன்னொன்றின் கீழே ஒன்றும் வளராது.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது தொலையுணர்வுத் துறையில் இருக்கிறாள். இந்தச் சந்தேகத்தோடுதான் எனக்குப் படம் அனுப்பினாள். நான் அதைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு தெரிந்த மீனவர் ஒருவரிடம் போனேன். அவர் கண்ணாடி கூடப் போடவில்லை. "இது அலையாத்தி சார். இது கருவ. இங்க இருக்கிறது மரமே இல்ல, உமிரி" என்று விரல் வைத்துச் சொன்னார். அந்த மூன்று இடங்களையும் அவள் கணினிக்குப் பாடமாகக் கொடுத்தாள். இதற்குக் களச் சரிபார்ப்பு என்று பெயர். இது இல்லாமல் கணினிக்கு ஒன்றும் தெரியாது. மீனவர் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

பேச்சுவாக்கில் அவரிடம் ட்ரோன் பற்றியும் சொன்னேன். தாழப் பறப்பதால் சில சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம், தனித்தனி மரத்தைக்கூட எண்ணலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மேல இருந்து பாக்குறவங்களுக்கு நாங்க வெட்டுன வாய்க்கால் தெரியும். ஏன் வெட்டுனோம்னு தெரியுமா சார்?" என்று கேட்டார்.

நியாயமான பயம். வாய்க்கால் மீன்பிடி அந்தப் பக்கத்துப் பழைய தொழில். அலையோடு மீன் உள்ளே வரும், நீர் வடியும்போது பிடிப்பார்கள். படத்தில் பார்த்தால் காட்டைக் கீறிய கோடு மாதிரி இருக்கும். ஆனால் அந்த வாய்க்கால் கரைகளில்தான் மரம் செழித்து நிற்கும். காரணம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து, தாழ்ந்து, தொட்டி போல ஆனது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் உப்பு ஏறியது. விதை முளைக்கவில்லை. பின்னால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் போய்வர வழி செய்து கன்று நட்டார்கள். வாய்க்காலும் காடும் பகை இல்லை என்பது அதில் தெரிந்துவிட்டது. மீன்முள் வரிசையை இன்றும் கூகுள் எர்த்தில் பார்க்கலாம்.

ஆகவே படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் நடந்து ஒரு வருஷத்தில் பார்க்க முடியாததை ஒரு படம் ஒரே நாளில் காட்டுகிறது. ஆக்கிரமிப்பு எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதியோடு சாட்சி சொல்கிறது. வாய்ச்சொல்லால் அதைச் செய்ய முடியாது. ஆனால் படத்தைப் படித்துச் சொல்வது ஐதராபாத்திலோ சென்னையிலோ இருப்பவர் மட்டும் என்றால், வாய்க்கால் வெட்டியவர் குற்றவாளியாகவும் கருவேலம் காடாகவும் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் நாளைக்குப் பணம் ஒதுக்குவார்கள், தடை போடுவார்கள்.

அந்த மீனவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் பையன் திருப்பூரில் இருக்கிறான். உமிரியையும் கருவையையும் விரல் வைத்துச் சொல்ல இன்னும் எத்தனை வருஷம் ஆள் இருப்பார்கள்?

அதனால் ஒரு வீட்டுப்பாடம். கூகுள் எர்த்தில் உங்கள் ஊர் ஏரியையோ குளத்தையோ தேடிப் பழைய வருஷப் படங்களையும் பாருங்கள். ஊருக்குப் போகும்போது கரையில் நடந்து, இருப்பிடம் பதிவாகும்படி செல்போனில் படம் எடுங்கள். கூட அப்பாவையோ பெரியப்பாவையோ அழைத்துப் போய், மரத்தின் பெயர், மதகின் பெயர், வரத்து வாய்க்கால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்கிற பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். ட்ரோன் வைத்திருப்பவர்கள் அனுமதி வாங்காமல் பறக்கவிடாதீர்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

எழுதியதைக் கீழே கமெண்டில் போடுங்கள். தொலையுணர்வு படித்த பெண் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்