மங்கும் கோபமும்

எம் பெரியம்மாவின் வாயைச் சுற்றி மங்கு படர்ந்தபோது, நாட்டு வைத்தியர் முதலில் வினவியது, “வீட்டில் யார்மீது கோபம், அம்மா?” என்பதே. நாம் நகைத்தோம். ஆயினும் சுசுருத சங்கிதை இதனை ‘வியங்கம்’ என்றழைத்து, கோபத்தாலும் களைப்பாலும் சீறிய வாயு பித்தத்தோடு கூடி முகத்திற் படிவதென்றே கூறுகின்றது. மஞ்சிட்டிப் பொடியைத் தேனிற் குழைத்துப் பூசுமாறும், குடையின்றி வெளியே செல்லாதிருக்குமாறும் வைத்தியர் பணித்தார். மஞ்சிட்டியும் தேனும் வாக்படர் சொன்ன முறை. வெயில் மங்கை வளர்க்கும் என்பது இக்கால மருத்துவமும் ஒப்புவது.

அயலார் கூறிய தேசிப்புளியை மட்டும் அவர் கண்டிப்பாகத் தடுத்தார். நம் மாணவியர் இதனைக் கவனிக்க வேண்டும். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், அது வெந்து கொப்புளித்து முன்னிலும் கறுக்கும்.

சில மாதங்களில் மங்கு மெல்லத் தணிந்தது. பாதிப் புகழ் குடைக்கே உரியது என்பது எம் எண்ணம். கோபத்தைப் பற்றிப் பெரியம்மாவிடம் வினவ எவரும் துணியவில்லை.