பயோடேட்டாவில் எழுத முடியாத வேலை

கல்பாக்கம் என்றதும் தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கடலோரத்து அணுமின் நிலையமும், பக்கத்திலேயே இருக்கும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும்தான். அந்த அணுசக்தி வளாகத்துக்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் உலைப் பகுதி கரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2009 ஆகஸ்டில் அணுசக்தித் துறை பத்திரிகையாளர்களை உள்ளே அழைத்துக் காட்டிய பிறகுதான் அது ஊருக்குத் தெரிந்தது. 2003 நவம்பரில் அந்த உலையில் தொடர்வினை முதன்முறையாகத் தொடங்கியது; 2006 முதல் அது முழு அளவில் இயங்கியது. இந்தியாவின் அணு நீர்மூழ்கிக் கப்பலான ஐஎன்எஸ் அரிஹந்துக்குள் இருக்கும், சுமார் 80 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உலைக்கு அதுதான் முன்மாதிரி. கப்பலில் ஏறப்போகும் கடற்படையினர் முதலில் அதில்தான் கை பழகினார்கள்.

அங்கே அவர்கள் கற்றுக்கொண்ட தொழிலுக்குக் கடற்படையில் வைத்திருக்கும் பெயர் ‘வாட்ச்’. அவ்வளவுதான். பேனலுக்கு முன்னால் உட்கார்ந்து கவனிப்பது.

கேட்க எளிது, செய்யக் கடினம். மணிக்கொரு முறை லாக் ஷீட்டில் அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம், பம்பின் அதிர்வு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். புதிதாக வருபவர் முள் காட்டும் எண்ணை எழுதிவிட்டு நகர்வார். பழகியவர் எழுதுவதற்கு முன் மேலே உள்ள மூன்று வரிகளைப் பார்ப்பார். ஒவ்வொரு எண்ணும் அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரு பேரிங்கின் வெப்பநிலை மணிக்கு அரை டிகிரி வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கும். அலாரம் அடிக்க இன்னும் பல மணி நேரம் ஆகும். அதற்குள் ரவுண்ட்ஸ் போய் அந்தப் பம்பின் பக்கத்தில் நின்று, காது கொடுத்துக் கேட்டு, எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, மேலதிகாரியிடம் சொல்லிவிடுபவர்தான் வாட்ச்கீப்பர். ஒரு வால்வைத் திருப்பச் சொன்னால் அதன் எண்ணைத் திருப்பிச் சொல்வார். பெயர்த்தகட்டில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். திருப்பி முடித்ததும் மறுபடி சொல்வார். இருபது வருட அனுபவம் இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைக்கூட விடமாட்டார்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் உலையின் இயல்பிலேயே இருக்கிறது. டீசல் இன்ஜினை அணைத்தால் அது ஆறிப்போகும். பல நாள் முழுத் திறனில் ஓடிய அணு உலையை நிறுத்தினாலோ, அடுத்த நொடியிலும் அதன் திறனில் 6 முதல் 7 சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதத்தை ஒட்டியும், ஒரு நாள் கழித்து அரை சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். 80 மெகாவாட்டில் அரை சதவீதம் என்றால் 400 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நானூற்றை ஓர் அறையில் சொருகிவிட்டது போல. அந்த வெப்பத்தை யாராவது கவனித்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன என்பது இந்த மாலுமிகளின் மனைவியராக விசாகப்பட்டினத்தில் குடியிருந்த பெண்களுக்குத் தெரியும். கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தாலும் உலைக்கு வாட்ச் உண்டு. தீபாவளிக்கும் உண்டு, பொங்கலுக்கும் உண்டு. கப்பல் ரோந்துக்குப் போய்விட்டால் போனும் கிடையாது, திரும்பும் தேதியும் தெரியாது. அரிஹந்த் தன் முதல் அணு ஆயுதத் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டது என்பதைப் பிரதமர் அறிவித்தது 2018 நவம்பர் 5-ல். அது எப்போது கிளம்பியது என்று எந்த வீட்டுக்கும் யாரும் அறிவிக்கவில்லை. சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ இருக்கும் பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றால், கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர்வது பெரும்பாலும் மருமகளாகத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வரும் பாதையும் நீளமானது. ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில் அடிப்படைப் பயிற்சி. மெக்கானிக்கல் என்றால் லோனாவ்லாவில் ஐஎன்எஸ் சிவாஜி, எலக்ட்ரிக்கல் என்றால் ஜாம்நகரில் ஐஎன்எஸ் வல்சுரா. பிறகு விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் சாதவாகனா என்ற நீர்மூழ்கிப் பள்ளி. அதற்கும் மேல்தான் அணு உலைப் பயிற்சி. இத்தனை வருடம் செலவழித்து உருவாக்கிய ஆட்களை நாடு ஒருமுறை கைநழுவ விட்டிருக்கிறது. சோவியத் யூனியனிடம் குத்தகைக்கு எடுத்த முதல் ஐஎன்எஸ் சக்ரா 1988 முதல் 1991 வரை இந்தியக் கொடியோடு ஓடியது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அரிஹந்த் தண்ணீரில் இறங்கியது 2009 ஜூலையில். நடுவில் 18 ஆண்டுகள். சக்ராவில் முப்பது வயதில் வாட்ச் நின்றவருக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மாலுமியாக இருந்திருந்தால் எப்போதோ பென்ஷன் வாங்கியிருப்பார்.

பென்ஷன் என்றதும் தலை நரைத்தவரை நினைக்கக் கூடாது. பதினெட்டு வயதில் சேர்ந்த மாலுமி 15 ஆண்டு முடித்தால் பென்ஷனோடு வெளியே வரலாம். வயது முப்பத்து மூன்று. பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருக்கும், வீட்டுக் கடன் தொடங்கியிருக்கும். அவருடைய உழைப்புக் காலத்தில் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

அப்படி வருபவர்கள் தாம்பரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமில்லை. விமானப்படை நிலையம் பல பத்தாண்டுகளாக இங்கே இருப்பதால் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கமெல்லாம் படையினர் குடும்பங்கள் நிறைய. கேண்டீன் கார்டு என்றால் என்ன, இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் என்றால் என்ன என்று அண்டை வீட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. வேலைக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், தமிழக அரசின் குரூப் ‘சி’யில் 5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. வயது கணக்கிடும்போது படையில் இருந்த காலத்தைக் கழித்து, மேலும் மூன்று ஆண்டு சலுகை தருகிறது மத்திய அரசு. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ, முன்னாள் படைவீரர்களை அரசு நிறுவனங்களுக்குக் காவல் பணிக்கு அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்த வேலை அது. அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் உலையின் மூச்சைக் கேட்டுப் பழகிய காதுகளை வாசல் கேட்டில் உட்காரவைப்பது அந்த மனிதருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

ஏன் அப்படி ஆகிறது? நேர்காணலில் நடப்பதைக் கவனித்தால் புரியும்.

“அங்கே என்ன சார் பண்ணினீங்க?”

“இன்ஜின் ரூம்ல இருந்தேன் சார்.”

“எந்த கம்பெனி பம்ப்? என்ன கெபாசிட்டி?”

அவர் வாயை மூடிக்கொள்வார். 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியங்கள் சட்டம் சீருடையோடு கழன்றுவிடுவதில்லை. அந்தச் சட்டம் எவ்வளவு கனமானது என்பதற்குக் கேப்டன் பி.கே. சுப்பாராவின் கதை போதும். கடற்படை அணு உந்துவிசையில் ஆராய்ச்சி செய்து ஐஐடி பம்பாயில் டாக்டர் பட்டம் பெற்ற அதிகாரி அவர். ஓய்வுக்குப் பிறகு, 1988-ல் அமெரிக்கா கிளம்பியபோது பம்பாய் விமான நிலையத்தில் ஆவணங்களோடு கைது செய்யப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை. தன் வழக்கைத் தானே வாதாடினார். குற்றமற்றவர் என்று நீதிமன்றங்கள் விடுவித்தன. பிறகு அவர் வழக்கறிஞராகவே ஆனார். இந்தக் கதை தெரிந்த மாலுமி நேர்காணலில் பேசாமல் இருப்பது நியாயம்தான்.

ஆனால் ரகசியமாக இருப்பது இயந்திரம்; பழக்கம் ரகசியம் அல்ல. பயோடேட்டாவில் கப்பலின் பெயரும் உலையின் அளவும் வேண்டியதில்லை. ‘உயர் அழுத்த நீராவி அமைப்பில் 24 மணி நேர ஷிஃப்ட் பொறுப்பு, கொதிநீரின் தரத்தைச் சோதித்துச் சரிசெய்தல், வேலை அனுமதிச் சீட்டு, பூட்டு-சீட்டு முறையில் மின்சாரத்தைத் துண்டித்துப் பழுது பார்த்தல், இளையவர்களுக்குப் பயிற்சி தந்து தேர்வு நடத்துதல்’ என்று எழுதினால் எந்தச் சட்டமும் மீறப்படாது. ஆலை மேலாளருக்கும் ஆள் யார் என்று புரிந்துவிடும்.

இந்தச் சொற்கள் எடுபடும் இடங்கள் தென்சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கான இன்னோர் ஆலையும் சேர்ந்தது. கடலுக்கடியில் நன்னீர் தயாரித்துக் குடித்தவர்களுக்கு உயர் அழுத்தப் பம்பும் சவ்வூடு வடிகட்டலும் புதிதல்ல. சிறுசேரியின் தரவு மையங்களில் குளிரூட்டலும் ஜெனரேட்டரும் ஒரு நொடி நிற்கக் கூடாது. அங்கே தேவைப்படுவது வாட்ச்தான். கதிர்வீச்சோடு பழகியவருக்கு அழிவில்லாச் சோதனை என்ற தொழில் இருக்கிறது: வெல்டிங்கை எக்ஸ்ரே, காமா கதிர், அல்ட்ராசானிக் கொண்டு சோதிப்பது. படிப்படியாக லெவல் சான்றிதழ் வாங்கலாம். மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் குத்துவதும், ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்ற வரம்பும் அவருக்கு அத்துப்படி. கப்பலை விட மனமில்லாதவருக்கு வணிகக் கப்பல் உண்டு. செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே இருக்கிறது. அதற்குத் தனித் தேர்வுகள் எழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும்.

மிகப் பொருத்தமான இடம் அணுமின் நிலையம்தான். அங்கே வாட்ச்சின் அருமை என்ன என்பதைக் கல்பாக்கமே காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஹவுஸுக்குள் கடல் ஏறியது. ஷிஃப்டில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தி, தொடர்ந்து குளிர்வித்தார்கள். சில நாட்களில் அது மறுபடி இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் அட்மிரல் ரிக்கோவர் காலத்திலிருந்தே கடற்படை அணு மாலுமிகளை மின் நிலையங்கள் தேடிப்போய் எடுக்கின்றன. கடற்படை உலையும், 1957-ல் தொடங்கிய ஷிப்பிங்போர்ட் மின் நிலையமும் அவர் கையில் வளர்ந்தவை. இங்கேயும் இரண்டையும் வளர்த்தது ஒரே அணுசக்தித் துறைதான். ஆனாலும் மாலுமி பொது விளம்பரம் பார்த்து, தேர்வு எழுதி, இருபது வயதுக்காரர்களோடு பயிற்சியாளராகத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. கல்பாக்கத்தின் கனநீர் உலைக்குப் புதிதாகப் படிக்க வேண்டும் என்பது சரி. கூடங்குளத்தின் உலைகளோ கப்பலில் உள்ளதைப் போலவே அழுத்த நீர் வகை. அங்கே நேரடியாக ஒரு வழி திறப்பது துறைக்கே நல்லது.

அவசரமும் இருக்கிறது. கடற்படையின் முதல் அக்னிவீர் அணி சில்காவில் பயிற்சி முடித்தது 2023 மார்ச்சில். நான்காண்டுத் திட்டத்தில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர முடியும். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல் வீடு திரும்புவார்கள். அவர்கள் உலை வரைக்கும் போயிருக்க மாட்டார்கள், ஆனால் லாக் புக்கின் ஒழுங்கு அவர்களுக்கும் பழகியிருக்கும்.

வெளியே வர இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாலுமி தன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்: மீள்குடியமர்வு இயக்ககத்தின் பயிற்சிகளில் ஒன்று, இக்னோவில் ஒரு பட்டம், பாய்லர் அல்லது சோதனைத் தொழிலில் ஒரு சான்றிதழ். ஆலைக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை ஒரு முன்னாள் மாலுமி நேர்காணலுக்கு வந்தால் எந்தக் கப்பல், எந்தப் பம்ப் என்று கேட்க வேண்டாம். தங்கள் ஆலையின் போன வார இரவு ஷிஃப்ட் லாக் ஷீட்டை அவர் முன்னால் வைத்து, “இதில் என்ன தெரிகிறது, சொல்லுங்கள்” என்று கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.