ஒன்பது வயதுக்கு எந்தப் புத்தகம்?

கொலன்னாவையில் இருந்து தமிழ்ப் புத்தகம் வாங்க நான் வெள்ளவத்தைக்குத்தான் பஸ் ஏறுறது. நாலாம் ஆண்டு படிக்கிற பெறாமகளுக்கு இப்போது எதைக் கொடுத்தாலும் முடித்துவிடுகிறாள். "இனி என்னத்தைக் குடுக்கிறது?" என்று அக்கா கேட்கிறா.

பக்கக் கணக்கை நம்பக்கூடாது. இரா. நடராசனின் 'ஆயிஷா' மெல்லிய புத்தகம், ஒரே இருப்பில் முடியும். ஆனால் கேள்வி கேட்டு அடிவாங்கும் அந்தச் சிறுமி கடைசியில் இறந்துபோகிறாள். ஒன்பது வயதில் தனியே வாசிக்க விடமாட்டேன்.

'பொன்னியின் செல்வன்' 5 பாகம், தலையணை மாதிரி. அதைத் தயங்காமல் கொடுத்தேன். கதையில் வரும் நந்தினியின் மனக்கணக்கு பெறாமகளுக்குப் பிடிபடாது. வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடிவிடுவாள். (நாங்களும் அப்படித்தானே வாசித்தோம்!)

டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' எல்லாவற்றிலும் பொருத்தம். அதிலும் ஒரு சிறுவன் இறக்கிறான், போர் வருகிறது. ஆனாலும் ரயில்பெட்டி வகுப்பறை, குட்டி அத்தியாயங்கள் என்று சொல்லும் குரல் பிள்ளையைத் தனியே விடுவதில்லை.

வாங்கமுதல் கடையிலேயே நின்று கடைசி அத்தியாயத்தை ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன வாசிக்கினம்? புத்தகப் பெயரோடு சொல்லுங்கோ, அடுத்த முறை வெள்ளவத்தை போகும்போது தேடுறன்.