எழுதி வைப்பவர் யார்?

வேகமாக ஓடும் வாகனங்களைப் பிடிக்கின்ற கமராவைப் பற்றிப் பெண்கள் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் அநேகருக்குச் சொந்த வாகனம் கிடையாது. கண்டி பஸ் நிலையத்து நெரிசலில் நின்று பஸ் பிடிப்பவர்கள்தான் நாம். ஆனாலும் பாதையும் பதிவும் நம் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தவை என்பது நமக்குத்தான் தெரியும்.

அண்மையில் மாத்தளைப் பக்கத்தில் நடந்த மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஒரு தாய் இந்தப் பேச்சை எடுத்தார். அவருடைய மகன் தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். வெளிநாடுகளில் புது விதமான வேகக் கமராக்கள் இருப்பதாகவும், நம் நாட்டு அதிவேக நெடுஞ்சாலைகளுக்கும் அவை ஒருநாள் வரலாம் என்றும் மகன் சொன்னாராம்.

"வந்தா நல்லதுதான் மிஸ். பையன் ராத்திரியில பறக்கிறான், எனக்குத் தூக்கமே இல்ல. ஆனா அந்தக் கமரா எழுதுறத யாரு வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. அவருடைய கணவரும் லொறிச் சாரதி. யுத்த காலத்தில் கண்டியிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 பாதையில் வவுனியாவரை ஓடியவர். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் லொறியின் இலக்கம், அவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், போகும் இடம் எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒருநாள் அவர் வீடு திரும்பவில்லை. மனைவி தேடிப் போய்க் கேட்டபோது அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். வருடக்கணக்காக எழுதப்பட்ட புத்தகம், அவருக்குத் தேவைப்பட்ட அன்று மட்டும் காணாமல் போயிருந்தது.

முதலில் இந்தக் கமரா எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண வேகக் கமராவோ பொலிஸாரின் வேகமானியோ ஓர் இடத்தில்தான் அளக்கும். எதிரே வரும் சாரதி லைட் அடித்து எச்சரிப்பார். இவர் பிரேக் போட்டு நல்ல பிள்ளையாகக் கடந்துவிட்டு, வளைவுக்கு அப்பால் மீண்டும் மிதிப்பார். சராசரி வேகக் கமரா அப்படி ஏமாறாது. பாதையின் ஓரிடத்தில் ஒரு கமரா, பல கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டும் இலக்கத் தகட்டையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். நம் அதிவேக நெடுஞ்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரை 6 நிமிடத்தில் கடந்தால் சரி. 5 நிமிடத்தில் கடந்தவர் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறார். கணக்கு அவ்வளவுதான்.

இதனால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்நாட்டில் வீதி விபத்துகளால் வருடந்தோறும் 2,000க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஷெல் வீச்சுக்குத் தப்பி வந்த கணவனைப் பாதையில் பறிகொடுத்த பெண்களையும் என் வேலையில் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பழைய கமரா வேகமாகப் போனவரை மட்டும் படம் பிடிக்கும். சராசரியைக் கணக்கிட வேண்டுமானால் குற்றம் செய்யாதவர்களின் இலக்கத்தையும் குறித்தேயாக வேண்டும். இந்த இலக்கம் இந்த நேரத்தில் இங்கே இருந்தது என்ற செய்தி எங்கோ ஓரிடத்தில் பதிவாகிறது. எவ்வளவு நேரம் இருக்கும், எவர் பார்ப்பார், வேறெதற்குப் பயன்படும் என்பவைதான் கேள்விகள்.

இக்கேள்விகளை எழுப்புவது பயந்தாங்கொள்ளித்தனமல்ல. ஜேர்மனியில் ஹனோவர் நகருக்கு அருகே இத்தகைய கமராக்கள் வைக்கப்பட்டபோது ஒரு சாரதி வழக்குத் தொடர்ந்தார். எல்லோருடைய இலக்கத்தையும் பதிவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி நீதிமன்றம் 2019 மார்ச்சில் அதை நிறுத்தியது. அதன்பின் தகுந்த சட்டம் இயற்றியே மீண்டும் இயக்கினார்கள். பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் நகரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கமராக்களை நிறுவினார்கள். இலக்கத் தகடுகளை வாசிக்கும் கமராக்களும் அவற்றில் இருந்தன. குற்றங்களைத் தடுக்க என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்திருந்தது. 2010இல் இது வெளியானதும் மக்கள் எதிர்த்தார்கள், கமராக்கள் கழற்றப்பட்டன. ஒரு காரணத்துக்காக வைத்த கண், இன்னொரு காரணத்துக்காக ஒரு சமூகத்தை மட்டும் பார்க்கத் திரும்பலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நமக்கும் அது புதிதல்ல. எங்கள் வீட்டு லாச்சியில் பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதி எப்போதும் இருக்கும். யார் வந்து தங்கினாலும் அதில் எழுத வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது அதை அரிசி அட்டை போன்ற ஒன்று என்றே நினைத்தேன். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

இன்றைய நிலை என்ன? கண்டிக்கான அதிவேக நெடுஞ்சாலை இன்னும் வந்து சேரவில்லை. மீரிகம – குருநாகல் பகுதிதான் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்பு நகரில் 2024 ஜனவரி முதல் சீசீரீவி கமராக்கள் மூலம் போக்குவரத்துக் குற்றங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் ஒத்திவைக்கப்பட்டது.

அன்புச் சகோதரிகளே, கமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமாகப் போகாதவரின் பதிவு உடனே அழிக்கப்பட வேண்டும். போக்குவரத்துக் குற்றத்தைத் தவிர வேறெதற்கும் நீதிமன்ற உத்தரவின்றி அதைத் திறக்கக் கூடாது. தன்னைப் பற்றிய பதிவைக் கேட்பவருக்குக் காட்ட வேண்டும். இம்மூன்றும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

கேட்பதற்கு நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் விண்ணப்பம் எழுதும் முறையைப் பழகுவதென்று குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் குழுக்களிலும் இதைப் பேசுங்கள். கமரா வந்த பிறகு கேட்பதைவிட வருவதற்கு முன் கேட்பது சுலபம்.