ஆடவும் வேண்டும், அடங்கவும் வேண்டும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, செய்யுள் நயம் பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ நாம் எழுதுவோமென்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயின் கடந்த சில திங்களாக எமது சிந்தையை நிறைத்து நிற்பது ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழல். அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். பொருள் அற்பமெனத் தோன்றின் வாசகர் பொறுத்தருள்க.

எமது தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவர் எமக்கு விட்டுச்சென்ற உடைமைகளுள் ஒன்று, கொட்டிலில் நிற்கும் பழைய மினிக் கார். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வகைக் கார் 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்தடி நீளமே கொண்ட வண்டியில் நால்வர் அமரவேண்டும் என்பதற்காக அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். முன்சில்லுகளே வண்டியை இழுக்கச் செய்தார். பந்தயக் கார்களைச் செய்து புகழ்பெற்ற ஜோன் கூப்பரின் கைவண்ணத்தால், 1961ஆம் ஆண்டில் அது 'மினி கூப்பர்' என்னும் விளையாட்டுக் காராகவும் அவதாரம் எடுத்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டப் போட்டியிலே தன்னினும் பெரிய வண்டிகளைப் பின்தள்ளி வாகை சூடியது. 2000ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மினிகள் உலகெங்கும் சென்றன. அவற்றுள் ஒன்று எம் ஒழுங்கைக்கு வந்தது.

எமது தந்தையாரின் வண்டி வாகை சூடிய வண்டியன்று. மண்ணெண்ணெய் குடித்த வண்டி. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய வித்தையை அக்காலத்தவர் நன்கு அறிவர். அவ்வெண்ணெயில் எஞ்சின் இடித்து இடித்தே ஓடியது. அதனைத் தாங்கும் இறப்பர்கள் தேய்ந்தன. புதியன வாங்க வழியில்லை. தந்தையார் பழைய லொறி ரயரை வட்டமாக வெட்டி வைத்துப் பார்த்தார். அதுவும் நில்லாதபோது ஒருநாட் சினங்கொண்டு எஞ்சினை இரும்புக் கம்பியால் வண்டியின் உடலோடு இறுகக் கட்டிவிட்டார்.

அன்று எஞ்சின் ஆடவில்லை; வண்டி முழுவதும் ஆடியது. கண்ணாடிகள் கிலுகிலுத்தன, கதவு தானே திறந்தது. பின்னிருக்கையில் இருந்த அப்பாச்சி, "தம்பி, என்ர பல்லுக் கழண்டுபோம். அந்தக் கம்பியை வெட்டிவிடு" என்றார். தந்தையார் வெட்டிவிட்டார், எஞ்சின் பழையபடி ஆடத் தொடங்கியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தபொழுது அப்பாச்சியை அவ்வண்டியிலே ஏற்றினோம். நாவற்குழிப் பாலத்தை அணுகுமுன்னரே, எஞ்சினின் ஆட்டத்தால் ஏற்கெனவே வெடித்திருந்த புகைக்குழாய் முற்றாக முறிந்தது. இரைச்சலும் புகையும் உள்ளே புகுந்தமையால் எஞ்சினை நிறுத்தவேண்டியதாயிற்று. சனக்கடலின் நடுவே தந்தையார் சுக்கானைப் பிடிக்க, நாம் இரவு முழுதும் பின்னின்று தள்ளினோம். எமக்கு அப்போது வயது 15. கண்டிப்பு மிக்க அவர் அன்றிரவு எம்மோடு பேசியது ஒரே ஒரு சொல். விடியற்புறம் எம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்து, "எரியுதோ?" என்றார். அச்சொல்லின் பொருளை உணர எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

நிற்க. எமது தங்கையின் மகன் எம் வீட்டிலே வளர்பவன். சிறு வயதிலே தந்தையை இழந்தவன். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றான். உயர்தரத்திற் கணிதப் பிரிவே அவனுக்கு உகந்ததென நாம் தீர்மானித்தோம். அவனோ, 2013ஆம் ஆண்டு பாடசாலைகளிலே தொடங்கப்பெற்ற தொழினுட்பப் பிரிவிற் சேர விரும்பினான். "எங்கள் குடும்பத்தில் எண்ணெய்க் கையோடு நின்றவர் எவருமிலர்" என்று கூறிவிட்டோம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில், மாணவனின் நாட்டம் அறிந்து கற்பித்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கையே, அவனது விண்ணப்பப் படிவத்தை வாங்கி மேசை லாச்சியிற் பூட்டி வைத்தது. அதன்பின் ஒரு திங்கள் வரை எமது வீட்டில் "மாமா" என்னும் சொல் ஒலிக்கவில்லை. ஓய்வு நேரமெல்லாம் அவன் கொட்டிலிலேயே கழித்தான்.

இலண்டனில் வாழும் எமது தமையனார், தந்தையாரின் நினைவாக அவ்வண்டியை மீண்டும் ஓடச்செய்ய விரும்பிப் பணம் அனுப்பியிருந்தார். கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள பழைய உதிரிப்பாகக் கடைகளில் 1275 சி.சி. எஞ்சின் ஒன்று அகப்பட்டது. எம் ஒழுங்கை முகப்பிற் கராஜ் வைத்திருக்கும் முதியவர் அதனைப் பூட்டினார். மருமகன் அவருக்குக் கையாளாக நின்றான். முன்னிருந்த எஞ்சின் 848 சி.சி. மட்டுமே. ஆதலாற் புதிய வலுவோடு வண்டி துள்ளிப் பாய்ந்தது. கிளச்சை விட்டதும் எஞ்சின் பின்னே சாய்ந்து "டொக்" என்று இடித்தது. கியர்த்தடி கையில் நடுங்கியது. செய்தி அறிந்த தமையனார், புதிய இறப்பர்களோடு அதிர்வடக்கி ஒன்றையும் அஞ்சலில் அனுப்பினார். அது மினியைச் செய்தோர் பூட்டி அனுப்பிய பொருளன்று. வேகம் விரும்புவோர் தனியே வாங்கிப் பூட்டுவது. மோட்டார்ச் சைக்கிளின் சொக் அப்சோபருக்கு அதனைத் தம்பி முறை எனலாம்.

எஞ்சின் ஏன் ஆடுகின்றது என்பதை அம்முதியவரே எமக்கு விளக்கினார். சில்லை முன்னோக்கி முறுக்கும் எஞ்சின், அதே விசையாற் பின்னோக்கி முறுக்கப்படுகின்றது. மினியிலோ கியர்களும் சில்லுக்கு முன்னுள்ள இறுதிப் பற்சக்கரமும் எஞ்சினோடு ஒரே கூட்டில் உள்ளன. முதற் கியரில் அம்முறுக்கு 10 மடங்குக்கு மேற் பெருகி, அவ்வளவும் எஞ்சினைத் தாங்கும் இறப்பர்களின் மேலேயே விழுகின்றது. "அப்படியாயின் ஆடாமற் கட்டிவிடலாகாதா?" என்று வினவினோம், தந்தையாரின் கம்பி எம் நினைவில் இருந்தும் வினவினோம். முதியவர் சிரித்தார். "எஞ்சின் ஆடத்தான் வேணும் மாஸ்ரர். அதை ஆடவிடாமற் கட்டினியளெண்டால், அந்த ஆட்டம் முழுக்க உங்கட உடம்புக்குத்தான் வரும்."

அதிர்வடக்கியின் உள்ளே எண்ணெயும், நுண்துளைகள் உள்ள ஓர் ஆடுதண்டும் உள்ளன. மெல்ல அழுத்தினால் எண்ணெய் துளைவழியே ஒழுகி இடங்கொடுக்கும். சடுதியாக அழுத்தினால் எதிர்த்து நிற்கும். கேணி நீரிற் கையை மெல்ல இறக்கினால் நீர் வழிவிடும். ஓங்கி அடித்தால் உள்ளங்கை சிவக்கும். இஃதும் அவ்வாறே. அது எஞ்சினின் பாரத்தைத் தாங்குவதன்று. ஆகவே, தேய்ந்த இறப்பர்களை முதலில் மாற்றாமல் அதனைப் பூட்டுவது வீண் என்று முதியவர் வற்புறுத்தினார்.

ஒரு சனிக்கிழமை மருமகன் தனியாகவே வேலையைத் தொடங்கினான். முதியவர் வாங்கிலில் அமர்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்திருந்தார். எஞ்சினை ஜக்கில் உயர்த்தி, பழைய இறப்பர்களைக் கழற்றிப் புதியனவற்றை மாட்டினான். அதிர்வடக்கியின் ஒரு முனையை எஞ்சினின் தலைப்புறத்துப் போல்ற் ஒன்றிற் பொருத்தினான். மறுமுனையைப் பின்புறத் தகட்டுச் சுவரிற் பூட்டும்போது, மெல்லிய தகடு கிழியாதிருக்க உட்புறத்தே தடித்த இரும்புத் தகடொன்றை வைத்தான். பொனற் மூடும்போது முட்டாதா என்று களிமண் உருண்டை வைத்துப் பார்த்தான். பின் ஜக்கை அகற்றி எஞ்சினை இயக்கினான்.

வண்டி முழுவதும் நடுங்கியது. கண்ணாடி கிலுகிலுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே ஒலி!

"இதற்குத்தானா இவ்வளவும்?" என்னும் சொல் எம் நாவின் நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தோம். அவனும் எம்மைப் பார்த்தான். அச்சொல்லை எதிர்பார்த்தே பார்த்தான். அப்போது நாம் உணர்ந்தோம்: அவ்வீட்டில் இரும்புக் கம்பியாய் நின்றவர் யாரென்று. வாய்திறவாது நின்றோம். முதியவரும் பிழை இன்னதென அறிந்திருந்தும் வெற்றிலையை மென்றபடி இருந்தார். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்த எமக்கு அம்மௌனம் ஒரு பாடம்.

அவன் எஞ்சினை நிறுத்தி, மீண்டும் ஜக்கை வைத்தான்; கைவிளக்கோடு குனிந்து நெடுநேரம் பார்த்தான். பின் நிமிராமலே, "மாமா, ஜக்கை ஒருக்கால் இறக்குங்கோ" என்றான்.

ஒரு திங்களின் பின் கேட்ட அச்சொல்லுக்கு நாம் ஓடிச்சென்று ஜக்கை இறக்கினோம். பிழை விளங்கிற்று. எஞ்சின் உயர்ந்து நின்றபோதே அளவெடுத்துப் பூட்டியமையால், அது தன் நிலைக்கு இறங்கியதும் ஆடுதண்டு குழலின் எல்லையில் முட்டி நின்றது. முட்டி நின்ற அதிர்வடக்கி வெறும் இரும்புத் தடியேயாகும். எஞ்சினைக் கையால் அசைத்து, தன் இயல்பான நிலையில் அமரவிட்டு, ஆடுதண்டு நடுவில் நிற்குமாறு முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்தான். நாம் விளக்குப் பிடித்தோம். மீண்டும் இயக்கியபோது நடுக்கமில்லை. கைப்பிறேக்கை இழுத்துக் கியரிற் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டுப் பார்த்தோம். முன்பு இரண்டு விரற்கிடை சாய்ந்த எஞ்சின் ஒரு விரற்கிடையும் சாயாது மீண்டது.

கைகழுவ வந்தவனின் உள்ளங்கையில் ஸ்பானர் உரசிய கொப்புளம் ஒன்று இருந்தது. "எரியுதோ?" என்று கேட்டோம். அன்றிரவே லாச்சியைத் திறந்து படிவத்தில் அவன் விரும்பிய பிரிவுக்கு நேரே கையொப்பமிட்டோம். மறுநாட் காலை அவனையும் எமது தங்கையையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம்வரை ஓட்டிச்சென்று திரும்பினோம். எவரும் தள்ளவேண்டி நேரவில்லை.

எம்போன்ற ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒன்று கூறி அமைவோம். இளைஞர் உள்ளத்து வலு ஆடவே செய்யும். கட்டற்று ஆடின் அது தன்னையே முறிக்கும். இறுகக் கட்டின் வீடு முழுவதும் நடுங்கும். மெல்ல வருவதற்கு இடங்கொடுத்துச் சடுதியை மட்டும் தடுக்கும் பக்குவத்தை நாம் ஒரு சாண் குழலிடம் கற்றோம். அதுவும் நாற்பது வயதின் பின்னரே கற்றோம். எம்மை ஆடவும் விட்டு அடக்கவும் செய்து ஆளாக்கிய கல்லூரித் தாய் நீடு வாழ்க!