ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில வகுப்பு எதற்கு?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழலாம்.

என் மகளுக்குக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்தது. புதிய மாணவர்களுக்கு வைக்கும் ஆங்கிலத் தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். “விரும்பினால் ஆங்கில வகுப்புக்கு வராமல் விடலாம்” என்று சொல்லிவிட்டார்கள்.

“உம்மா, தெரிஞ்சதையே திரும்பப் படிக்கிறதா? அந்த நேரம் லைப்ரரியில இருக்கலாமே” என்றாள். அவளுடைய வாப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சாதாரண தரத்தில் ஆங்கிலம், ஆங்கில இலக்கியம் இரண்டுக்கும் ‘ஏ’. ஆறாம் ஆண்டிலிருந்தே விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் படித்தவள். (இருமொழிக் கல்வி பின்னர்தான் தொடங்கியது. எங்கள் காலத்தில் அந்த வாய்ப்பு ஏது?) ஆனால் உயர்தரத்தைத் தமிழில்தான் செய்தாள். பொது ஆங்கிலம் என்ற பாடமும் இருந்தது. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் புத்தகத்தை அவள் திறந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. 1994இல் நானும் இதே போல வகுப்பை விட்டவள். வாப்பா கொண்டு வரும் ஆங்கிலப் பத்திரிகையை வாசித்து வளர்ந்தவள் என்ற பெருமை. முதலாவது ஒப்படைக்கு மூன்று புத்தகங்களில் இருந்து பந்தி பந்தியாக எடுத்து எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதைத் திருப்பித் தந்து, “இதில் உங்களுடைய வாக்கியம் எது?” என்று கேட்டார். நான் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாமல் வந்து, வகுப்புக்குப் போன என் அறைத்தோழியோ, ஓர் ஆசிரியரின் கருத்தைத் தன் சொல்லில் சொல்லவும், யாரிடமிருந்து எடுத்தேன் என்று குறிப்பிடவும், மரியாதையாக மறுக்கவும் பழகியிருந்தாள். எனக்கு வாசிக்கத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கருத்தரங்குகளில் வாய் திறக்காமல் இருந்தேன்.

இதை மகளிடம் சொன்னேன். போ என்று கட்டாயப்படுத்தவில்லை. “பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார். இலக்கணப் பயிற்சி மட்டும்தான் என்றால் விட்டுவிடு. கட்டுரை எழுதுவதும் எழும்பி நின்று பேசுவதும் இருந்தால் இரண்டு கிழமை போய்ப் பார்” என்றேன். அரை மனதோடு சம்மதித்தாள்.

மூன்றாம் கிழமை விடுதியிலிருந்து அழைப்பு வந்தது.

“உம்மா, இண்டைக்கி அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. ரெண்டு நிமிஷத்தோட எனக்குப் பேச்சு நிண்டு போச்சு.”

“அப்ப இனிப் போறல்லியா?”

“போகோணும். திங்கக்கிழமை திரும்பப் பேசச் சொல்லியிருக்காங்க.”