புத்தர் நடந்த மண்

ஒரு சமயத்தின் வரலாற்றைக் கற்போர் அதனை அருளிய பெரியாரின் வாழ்வையும் வாக்கையும் ஆராய்வர். அவர் நடந்த மண்ணை ஆராய்வோர் சிலரே. மணிமேகலையைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் தமிழாசிரியனாகிய எனக்குப் பூமிசாத்திரம் அயற்பாடம். எனினும், சோழ மன்னனின் மண்டபத்தை அமைத்தோருள் மகத நாட்டுத் தொழில்வல்லோரும் இருந்தனர் என அந்நூல் கூறுமிடத்தில், “மகதம் எத்தகைய நாடு?” என மாணாக்கர் வினவுவர். விடை கூறுதல் என் கடனாதலின், அயலவர் முற்றத்திற் சிறிது புகலாயினேன்.

இற்றைக்கு ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்கிலிருந்து நகர்ந்துவந்த இந்தியப் புவித்தட்டு ஆசியப் பெருநிலத்தோடு மோதியது. இடையே கிடந்த தெதிசுக் கடலின் படிவுகள் மடிந்துயர்ந்து இமயமாயின. எவரெஸ்ற் உச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இன்றும் உள. மலையின் பாரத்தால் அதன் தென்புறத்து நிலம் வளைந்து பள்ளமாயிற்று. கங்கையும், கண்டகி, கோசி முதலிய ஆறுகளும் மலையைத் தேய்த்துக் கொணர்ந்த வண்டல் அப்பள்ளத்தை நிரப்பிச் சமவெளியாக்கிற்று. இமயத்தின் அடிவாரத்தருகே அவ்வண்டலின் தடிப்பு சில கிலோமீற்றர். தெற்கே செல்லச்செல்ல அது மெலிய, பழம்பாறைகள் தலைகாட்டும்.

புத்தர் பிறந்த உலும்பினி வடக்கே, இமயத்தை அடுத்த தாழ்நிலத்தில் உள்ளது. அவர் பலகால் தங்கிய இராசகிருகமோ கங்கைக்குத் தெற்கே, இமயத்தினும் மிக முதிய குன்றுகளின் நடுவில் உள்ளது. அங்கு வெந்நீரூற்றுக்களும் உண்டு. கல் மலிந்த இராசகிருகத்துக்குக் கல்லே மதிலாயிற்று. வண்டற்கரையில் எழுந்த பாடலிபுத்திரத்துக்கோ மரமே மதிலாயிற்று. மெகஸ்தனிசு அதனைக் குறித்துள்ளார், அகழ்வாய்வுகளிலும் அம்மரங்கள் வெளிப்பட்டன.

துறவிகள் மாரிக்காலத்தில் ஓரிடத்தில் ஏன் தங்கினர் என்பது மற்றொரு வினா. ஆறு காணாது, ஐப்பசி மழையை எதிர்நோக்கி வாழும் யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கு இது விளங்குதல் அரிது. பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துச் செல்கின்றனர் என மக்கள் குறை கூறியதே காரணமென வினயநூல் கூறும். மேலும், அந்நாட்டில் ஆனி முதல் புரட்டாதி வரை பெய்யும் மழையில் ஆறுகள் கரைபுரளும். கோசியாறு இரு நூற்றாண்டுகளில் நூறு கிலோமீற்றருக்கு மேல் மேற்கே நகர்ந்தது; 2008 ஆம் ஆண்டில் அணையை உடைத்துப் பழைய தடத்திற் பாய்ந்து இலட்சக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது.

நிலமும் அடங்கியிருப்பதன்று. இந்தியத் தட்டு இன்னும் வடக்கே உந்துகின்றது. 1934 ஆம் ஆண்டு தை மாதம் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்திற் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாடலி என்னும் சிற்றூர் பெருநகராகும் என்றும், நெருப்பு, நீர், உட்பகை என்னும் மூன்றினால் இடருறும் என்றும் புத்தர் கூறியதாகப் பாளிநூல் உரைக்கும். அவ்விடத்து இன்றைய பாட்னா 1975 இலும் 2019 இலும் வெள்ளத்தில் ஆழ்ந்தது.

நிலமே நிலையாமைக் கோட்பாட்டைத் தந்தது என்றல் மிகை. வண்டல் நிலத்தில் வாழ்ந்தோர் அனைவரும் புத்தராகிலர். ஆயினும், கரையும் ஊரும் பெயர்வதைக் கண்டு வாழ்ந்த மக்களுக்கு அவ்வுரை புதிராக இருந்திராது. மணிமேகலையின் நிலையாமை உரையை வெறும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணாக்கன், அதன் பின்னே நின்ற உழவனையும் வெள்ளத்தையும் அறியான். ஆதலின் நம் கல்லூரி மாணாக்கர் இலக்கிய நூலை விரிக்கும்போது தேசப்படத்தையும் அருகில் விரித்துவைத்துக் கற்பாராக; ஆசிரியராகிய நாமும் பாடங்களுக்கிடையே எழுப்பிய வேலிகளைச் சிறிது தாழ்த்துவோமாக.